இரண்டு பேட்டரிகளும் மூன்றாம் ஓலையும்

அமலி, நேற்று நீ அனுப்பிய செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தன. "அப்பா, ஜெர்மனிக்குப் போன் மட்டும் போதுமா, கையடக்கமா வேற ஏதாவது வாங்கணுமா, இல்ல உங்க குட்டிக் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிரவா? வித்தியாசத்தைச் சுருக்கமாச் சொல்லுங்க" என்பது ஒன்று. அதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு, "ஞாயித்துக்கெழம கோயில்ல மூணாம் ஓலை. வருவீங்களா மாட்டீங்களா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நினைக்கிறேன். இருபது வருடத்துக்கும் மேலாக அந்தத் தகுதியை யாரும் கேட்டு வரவில்லை என்பது வேறு விஷயம். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. எழுதிக்கொண்டே போனால் கிடைக்கிறதா பார்க்கிறேன்.

இன்று சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் வருமாம். மின்விசிறி ஓடாத வீட்டில் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துவிட்டு வந்து நாலு வரி எழுதுகிறேன், மறுபடி எழுந்துபோகிறேன். நீ சொல்லும் அந்தக் குட்டிக் கணினியில்தான் எழுதுகிறேன். பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அது அணைவதற்குள் முடித்தாக வேண்டும். திருச்சியில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் இதே மூன்று சாதனங்களைப் பற்றிக் கட்டுரை கேட்டு இரண்டு மாதமாக நச்சரிக்கிறார். அவருக்கும் உனக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். உனக்கு இன்றே வந்துவிடும், அவர் மெல்ல அச்சிடட்டும். அந்தரங்கக் கடிதத்தை ஊருக்குக் காட்டலாமா என்று உன் அம்மா கேட்பாள். என்னைக் 'கால்குலேட்டர்' என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் அந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும்.

முதலில் போன். உன் கையில் இருப்பது நான் படிக்கும் காலத்தில் ஒரு அறை நிறைய இருந்த கணினியைவிட வலுவானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அது கணினியாகப் பிறந்ததல்ல, தொலைபேசியாகப் பிறந்தது. அந்தக் குணம் போகாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உன்னிடம் வரலாம் என்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். போன மாதம் நீ திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்து ஜெர்மன் பாடம் கேட்டுக்கொண்டு வந்தபோது என்ன நடந்தது? ஒரு வினைச்சொல்லைப் பாதி சொல்லும்போது உன் அம்மா கூப்பிட்டு, கீரனூரில் இறங்கி முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, அந்த வெர்ப் முருங்கக்காயோட சேந்தே மனசுல ஏறிருச்சு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உன் தவறல்ல, அந்தச் சாதனத்தின் இயல்பு. போனில் பாடம் பார்க்கலாம், பரீட்சைக்குத் தயாராவது கடினம். பாடத்தை ஒரு பக்கமும் குறிப்பை ஒரு பக்கமும் திறந்து வைத்துக்கொள்ள அதன் திரை போதாது. கட்டைவிரலால் ஒரு பத்தி எழுதினால் முதல் வரி மேலே போய் மறைந்துவிடும், நாம் என்ன சொல்ல ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிடும். அதில் நிறுவும் செயலிகள் எல்லாம் கடையிலிருந்து வருபவை. அவர்கள் விற்பதைத்தான் நீ வாங்கலாம். நாமே ஒன்றை எழுதி அதில் ஓட்டுவது சாதாரண ஆளுக்கு நடக்கிற காரியமல்ல. இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: புது ஊரில் இறங்கும் முதல் நாளில் உன்னைக் காப்பாற்றப்போவது போன்தான். வழி காட்டும், மொழிபெயர்க்கும், ரயில் சீட்டு எடுக்கும், அம்மாவின் குரலைக் கொண்டுவரும். அதைத் திட்டிக்கொண்டே நானும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது கைக்கணினி. இதைச் சொல்ல ஆரம்பித்தால் சவரியைச் சொல்லாமல் முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன். நீ பிறப்பதற்கு முன், நானும் சவரிமுத்துவும், அதாவது இன்னும் சில வாரங்களில் உனக்கு மாமனார் ஆகப்போகிறவரும், ஒரே தொண்டு நிறுவனத்தில் கள மேற்பார்வையாளர்கள். மாவட்டத்துக் கண்மாய்களை அளந்து கணக்கெடுப்பது வேலை. அன்னவாசல் பக்கம் அவனுக்கு, ஆவுடையார்கோவில் பக்கம் எனக்கு. நான் புள்ளியியலில் முதுகலை முடித்திருந்தேன், அவன் பி.ஏ. வரலாறு. இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்போது என் ஒன்றுவிட்ட அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு கைக்கணினி கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறத் திரை, குத்தி எழுத ஒரு சின்னக் குச்சி. போனும் கிடையாது, இணையமும் கிடையாது. இரண்டு மெல்லிய பென்சில் பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். இன்றைய போன் நடுவெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது, அந்தச் சாம்பல் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். கண்மாய்க் கரையில் நின்று வேலை செய்கிறவனுக்காகவே செய்தது போல இருந்தது. கரையின் நீளம், மடைகள், உபரி நீர் வழியும் கலிங்கின் நிலை, பாசனப் பரப்பு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு நானே ஒரு நிரல் எழுதினேன். இரண்டு மாதம் ஆயிற்று. என் வாழ்க்கையில் வேறு எதையும் அத்தனை ஆசையாகச் செய்ததில்லை.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பெரியவர் மடைக்கட்டையில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, சிலேட்டா அது?" என்றார். "சிலேட்டு மாதிரிதாங்க. கம்ப்யூட்டரு." "சிலேட்டுன்னா எச்சியத் தொட்டு அழிச்சிரலாமே. இதுலயும் அழியுமா?" "அழியவே அழியாதுங்க ஐயா" என்றேன். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. இப்போதும் கொல்லைவரை போய்விட்டுத்தான் வந்தேன். அலுவலகத்தில் சவரி அதற்குக் கால்குலேட்டர் என்று பெயர் வைத்தான். பிறகு அந்தப் பெயர் எனக்கே வந்துவிட்டது. "கால்குலேட்டர் வந்துட்டாருப்பா, எல்லாரும் எந்திரிங்க" என்பான். பியூன் வரைக்கும் சிரிப்பார்கள். அவன் காகிதப் படிவத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவான், குழம்பு சிந்தியிருக்கும், மழையில் மை கலைந்திருக்கும். நான் என் பக்கத்துக்குக் காகிதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டைரக்டரும், "ஒங்க இஷ்டம் சார், கடைசியில எனக்கு அறிக்கை வந்தாச் சரி" என்றார்.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்கு நான் வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போனேன். நம் பக்கத்து ஆட்கள் கூட்டமாக நடப்பார்களே, அதோடு. வழியில் மழை பிடித்தால் கெட்டுவிடுமே என்று கைக்கணினியை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு பருவத்து வேலை முழுக்க அதற்குள் இருந்தது. அந்தக் காலத்துக் கைக்கணினிக்கும் இன்றைய போனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால், திரையும் வேகமும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் நினைவகம் என்பேன். இன்றைய போனை மாதக்கணக்கில் அணைத்து வைத்தாலும் உள்ளே இருப்பது இருக்கும். அதற்கு அப்படி அல்ல. உள்ளே இருப்பதை அந்த இரண்டு பேட்டரிதான் பிடித்துக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் எல்லாம் போய்விடும். வேறு கணினியோடு இணைத்து நகல் எடுத்து வைக்கலாம். அலுவலகத்தில் இருந்தது ஒரே கணினி. அது டைரக்டர் அறையில் இருந்தது, அறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. கேட்டு வாங்கி நகல் எடுத்திருக்கலாமே என்று சவரி இன்றும் ஊரில் சொல்கிறானாம். அதை நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

நடந்து கால் கொப்புளத்தோடு திரும்பி வந்து மேசை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து அழுத்தினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் வந்தது, அதன் நடுவில் குச்சியால் தொடு என்றது. தொட்டேன். இன்று என்ன தேதி என்று கேட்டது. கடையிலிருந்து வந்த நாளில் கேட்ட அதே கேள்விகள். என் கட்டங்களும் இல்லை, கண்மாய்களும் இல்லை. "சவரி, இத யாரு தொட்டது?" என்றேன். "நாந்தான். ஆபீசு டிவி ரிமோட்டுல செல்லு தீந்துபோச்சு மச்சான், கடைசி ஓவரு. ஒன் கால்குலேட்டர்ல ரெண்டு கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். மேட்ச் முடிஞ்சதும் திரும்ப மாட்டி வச்சிட்டேனே." "உள்ள இருந்ததெல்லாம் போச்சுடா." அவன் சாதனத்தை வாங்கிப் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தான். "என்னா போச்சு? செல்லு ரெண்டும் இருக்கே." அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தெரிந்து செய்திருந்தால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விளங்கிய பிறகும் அவன் சொன்னது, "ரெண்டு செல்லுக்கா இம்புட்டுக் கோவம்?" என்பதுதான்.

டைரக்டர், "சவரி பக்கத்துப் பேப்பர் எல்லாம் அலமாரியில இருக்கு, ஒங்க பக்கம் எங்க சார்?" என்றார். குழம்பு சிந்திய காகிதம் ஜெயித்தது. அடுத்த வருடம் ஒருங்கிணைப்பாளர் பதவி அவனுக்குப் போயிற்று. மறுபடி காகிதத்தோடு ஆவுடையார்கோவிலுக்குப் போகச் சொன்னபோது நான் வேலையை விட்டேன். பிறகு இந்தப் பாலிடெக்னிக், இந்த வகுப்பறை, வருடா வருடம் அதே பாடம். ஒரே கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதால் ஞாயிறுதோறும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் இடப்பக்கம். பூசையில் 'சமாதானம்' சொல்லி ஒருவரையொருவர் வணங்கும் நேரத்தில் நான் முன்வரிசைக்காரரின் முதுகைத்தான் வணங்குவேன். உனக்கு இது தெரியும், சிறு வயதிலேயே கவனித்திருக்கிறாய்.

பேட்டரி முப்பதுக்கு இறங்கிவிட்டது. கைக்கணினி செத்துவிட்டது என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கண் இல்லை. பஸ்ஸில் நடத்துனர் கழுத்தில் தொங்குவது என்ன? ரேஷன் கடையில் விரல்ரேகை கேட்பது என்ன? நீ நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கைப்பட்டையைக் காட்டி மருந்தைச் சரிபார்க்கும் அந்தத் தடித்த கறுப்புச் சாதனம்? எல்லாம் கைக்கணினிதான். கீழே விழுந்தால் உடையாது, தண்ணீர் தெளித்தால் கெடாது, ஒரு வேலைக்கென்றே செய்தது. ஆனால் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. நான் வைத்திருந்தது எனக்காக வேலை செய்தது. இன்றைக்கு இருப்பவை அதைப் பிடித்திருப்பவரை வேலை வாங்குகின்றன. "அப்பா, மருந்து குடுக்கப் பத்து நிமிசம் லேட்டானா அது கத்தும், அப்புறம் நான் ஏன் லேட்டுன்னு அதுக்குப் பதில் சொல்லணும்" என்றாய். அன்னவாசல் பஸ்ஸில் ஒரு நாள் நடத்துனரிடம் அது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தாங்க இருக்கு. மொதல்ல நான் டிக்கெட்டு கிழிச்சேன், இப்ப இது என்னையக் கிழிக்குது" என்றார். அந்த ஊரிலும் உன் கையில் அப்படி ஒன்றைக் கொடுப்பார்கள். அது உன்னுடையதல்ல. வேலை முடிந்ததும் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடு. கடையில் போய் அதைப் போல எதையும் வாங்காதே, உனக்குத் தேவையில்லை.

கையடக்கத்தில் இன்னொரு வகையும் வந்திருக்கிறது. அதை எனக்குக் காட்டியது உன் மாப்பிள்ளை பிரிட்டோ. முதல் முறை நம் வீட்டுக்கு வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? சவரியின் மூக்கு அப்படியே அவனுக்கு இருந்தது. என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். இரண்டு பக்கமும் பிடிமானம், நடுவில் திரை. "கேம் வெளயாடுறதுங்க மாமா. ஆனா உள்ள முழுக் கம்ப்யூட்டரு. கீபோர்டு மாட்டினா நீங்க புரோகிராமே எழுதலாம்." வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அன்று நான் கண்மாய்க் கரையில் நின்று என்னவெல்லாம் ஆசைப்பட்டேனோ அத்தனையும் அதற்குள் இருந்தது. "இதுல நீ என்ன செய்வ?" என்றேன். "கார் ஓட்டுவேங்க" என்றான். உன் அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அதை வைத்து நீ படிக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். கொஞ்ச நேரத்தில் சூடாகும், பேட்டரி நிற்காது, விசைப்பலகையைத் தனியாகச் சுமக்க வேண்டும். ஆனால் அன்று அவன் புறப்படும்போது, "ஒங்க பழையத நான் ஒருநாள் பாக்கணுங்க மாமா. அப்பா அதப் பத்தி அடிக்கடி சொல்வாரு" என்றான். சவரி என்ன சொல்வான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது இந்தக் குட்டிக் கணினி. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தாள் வைக்கும் உறை அளவு. சிறிதாக இருப்பதால் இதைப் போனுக்கு அண்ணன் என்று நினைக்கிறார்கள். தவறு. இது மேசைக் கணினியின் தம்பி. பெரிய கணினியில் என்னவெல்லாம் செய்யலாமோ அவ்வளவும் இதில் செய்யலாம், கொஞ்சம் மெதுவாக. நான்கு சன்னல்களைத் திறந்து வைக்கலாம். கோப்புகளை நீ நினைத்த பெயரில் நீ நினைத்த இடத்தில் வைக்கலாம். எந்த அச்சுப்பொறியும் இதற்கு அடங்கும். பத்து விரலும் வேலை செய்யும். இணையத்தைத் துண்டித்துவிட்டால் உன்னை யாரும் கூப்பிட முடியாது, நீயும் பாடமும் மட்டும்தான். குறையும் உண்டு. திரை சிறியது, கண் வலிக்கும். விசைகள் நெருக்கம். விலைக்குத் தகுந்த வேகம் கிடையாது, எடைக்காகத்தான் விலை. பிரித்து உள்ளே எதையும் மாற்ற முடியாது. இதை வாங்கிய வாரம் உன் அம்மா பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனாளே, அதையும் சொல்லிவிட வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும் நான் பாய்ந்து மூடியை மூடினேன். "மூடுனா ஆசீர்வாதம் உள்ள எப்படிங்க போகும்?" என்று உன் அம்மா திறந்துவிட்டாள். ஆசீர்வாதம் தாராளமாகவே உள்ளே போயிற்று. அன்றிலிருந்து அடுத்த பத்திக்குப் போகும் விசை ஒட்டிக்கொள்கிறது, இரண்டு மூன்று முறை குத்த வேண்டும். என் பத்திகள் ஏன் இவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் அதுதான் காரணம்.

ஆக, உன் முதல் கேள்விக்குப் பதில்: போனோடு இதை எடுத்துப் போ, நடுவில் எதையும் வாங்காதே. விமானத்தில் இதைக் கைப்பையில் வை, பெட்டிக்குள் போடாதே. எழுதுவது எதுவானாலும் இரண்டு இடத்தில் வை. இதை நான் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை.

இரண்டாவது கேள்வி. நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீ ஒரு மாதிரி பார்த்தாய், நான் ஒரு மாதிரி பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் என் வீட்டுப் படியேறி வந்தான். நானும் உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்க என்றேன். தாம்பூலத் தட்டை என் கையில் கொடுத்தான். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, புடவை. வெற்றிலைக்கு மேல் நான்கு பென்சில் பேட்டரி. "எடுத்தது ரெண்டு, நாலாக் கொண்டாந்திருக்கேன் சம்மந்தி. வட்டியோட" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது, மீதிப் பேருக்கு நன்றாகத் தெரியும். நான் தட்டைப் பாயில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனவன், பந்தி முடியும்வரை கிணற்றடியை விட்டு வரவில்லை. மறுநாள் நீ போனில் சொன்னாய்: "அவரு கேலி பண்ணலப்பா. மன்னிப்புக் கேட்டாரு. அவருக்கு அப்படித்தான் கேக்கத் தெரியும்." "மன்னிப்புன்னா வாயத் தெறந்து கேக்கணும்" என்றேன். "நீங்க பேசுனாத்தானப்பா அவரு கேப்பாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம முன்னால இருக்கவரு முதுகையே கும்புட்டுக்கிட்டு இருந்தா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

பத்திரிகை வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசிப்பார்கள், அதற்கு ஓலை என்று பெயர். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று முடியும். மூன்றாம் ஓலை அன்று பூசை முடிந்ததும் இரண்டு தகப்பன்மாரும் வாசலில் சேர்ந்து நின்று வருகிறவர்களுக்குக் கற்கண்டு கொடுப்பார்கள். முதல் ஓலைக்கு நான் பொன்னமராவதிக்குப் போய், திறக்காத ஒரு கடை வாசலில் நின்றேன். இரண்டாம் ஓலைக்குத் தலைவலி என்றேன். அன்று உன் அம்மா கோயிலிலிருந்து வந்து, முக்காட்டை எடுக்காமலேயே சொன்னாள்: "தட யாருக்காச்சும் தெரியுமான்னு சாமியாரு வாசிக்கிறாரு, கோயிலே திரும்பி நம்ம பெஞ்சப் பாக்குதுங்க. ஒங்க எடம் காலியாக் கெடக்கு." அதற்குப் பிறகுதான் பிரிட்டோ சொன்னதாக நீ எழுதினாய், மாமாவுக்கு மனசு இல்லாமல் கல்யாணம் வேண்டாம், தள்ளி வைப்போம் என்று. தள்ளினால் உன் பயணத் தேதி தாண்டிவிடும். நீ தனியாகப் போவாய். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நிச்சயம் போவாய்.

பேட்டரி பத்துக்கு வந்துவிட்டது, திரை தானாக மங்குகிறது. இதை எழுத உட்கார்வதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பீரோவில் துண்டில் சுற்றி வைத்திருந்த கைக்கணினியை எடுத்தேன். சவரி கொண்டுவந்த பேட்டரி நான்கும் அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே இருந்தன. உன் அம்மா தூக்கி எறியவில்லை. இரண்டைப் போட்டேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதுவும் வராது என்றுதான் நினைத்தேன். அழுத்தியதும் திரை சாம்பலாகத் தெளிந்தது. அதே சின்ன வட்டம். நடுவில் தொடு என்றது. தொட்டேன். இன்று என்ன தேதி என்று கேட்டது. அதை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை போய் வந்தேன். அதற்கு எதுவும் தெரியாது, அமலி. ஆவுடையார்கோவில் தெரியாது, டைரக்டரைத் தெரியாது, சவரியைத் தெரியாது. அதற்கு நடந்ததை நான் மட்டும்தான் இத்தனை வருடம் அழியாமல் வைத்திருக்கிறேன், ஒரு பேட்டரியும் இல்லாமல். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிய நிரல் அது. நாளை கற்கண்டுத் தட்டைப் பிடித்து நிற்கும்போது அவன் கால்குலேட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரட்டும். நின்றுகொண்டே கோபப்படுகிறேன்.

இப்போதுதான் தேதியைக் குத்தினேன். குச்சியால் எழுதும் அந்த எழுத்து கைக்கு மறக்கவில்லை. அதற்குள் இப்போது ஒரே ஒரு குறிப்புதான் இருக்கிறது: ஞாயிறு, காலைப் பூசை, மூன்றாம் ஓலை. விடிவதற்கு முன் கூவும்படி வைத்திருக்கிறேன். நீ முதல் பஸ்ஸில் ஏறிக் கோயிலுக்கே வந்துவிடு, நானும் அம்மாவும் அங்கே இருப்போம். பிரிட்டோவிடம் சொல், அவன் பார்க்க ஆசைப்பட்டது என் சட்டைப்பையில் வரும். ஒன்று மட்டும் எனக்காகச் செய்: நாளை பூசை முடிகிறவரை அவன் அப்பாவை நம் வீட்டுப் பக்கம் விடாதே. இன்று சாயங்காலமும் ஏதோ மேட்ச் இருக்கிறதாம்.